ஜி.பி.எஸ். குறிகைத் தடுப்பான்

ஜி.பி.எஸ். குறிகைத் தடுப்பான் அல்லது ஜி.பி.எஸ். ஜாமர் என்பது, இடங்காட்டும் செயற்கைக்கோள்களின் குறிகைகள் வரும் அதே அதிர்வெண்ணில் வானொலி இரைச்சலை எழுப்பி, அருகிலுள்ள வாங்கிகள் அக்குறிகைகளை உணரவிடாமல் தடுக்கும் கருவியாகும். படைத்துறைக்குரியதாக இருந்த இத்தொழில்நுட்பம், வாகனத் தடங்காணல் பரவிய பின்னர், காரின் சிகரெட் பற்றவைப்பானில் செருகத்தக்க சிறு கருவியாகவும் உலகின் பல பகுதிகளில் விற்கப்படலாயிற்று. இந்தியாவில் அனுமதியின்றி இதை வைத்திருப்பதே சட்டவிரோதமாகும்.

செயற்படும் விதம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றுகின்றன. ஒரு வாங்கி தன் இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிகைகள் தேவை. பொதுப் பயன்பாட்டுக்குரிய முதன்மைக் குறிகை 1575.42 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அனுப்பப்படுகிறது. அது தரையை அடையும்போது அதன் திறன் ஒரு வாட்டின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருக்கும். திருவிழாவில் ஒலிபெருக்கியின் அடியில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வதற்கு இதை ஒப்பிடலாம். எனவே கைக்கு அடக்கமான ஒரு தடுப்பானும் சுற்றிலும் நூற்றுக்கணக்கான மீட்டர் தொலைவுக்கு வாங்கிகளைச் செயலிழக்கச் செய்ய வல்லது. தன் வண்டியை மட்டும் மறைத்து அடுத்த வண்டியை விட்டுவிடும் தடுப்பான் என்பது விற்பவரின் பேச்சில் மட்டுமே உண்டு.

போலிக் குறிகைகளை அனுப்பி வாங்கியைத் தவறான இடத்தைக் காட்டச் செய்வது ஸ்பூஃபிங் எனப்படும். அது தடுப்பதிலிருந்து வேறுபட்டது.

வாகனத் தடங்காணல்

திண்டுக்கல் மாவட்டத்தில் தொப்பம்பட்டி ஒன்றியத்தை அடுத்துள்ள ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தையிலிருந்து கேரளத்துக்குச் சரக்கு லாரிகள் செல்கின்றன. அவற்றுள் ஒன்றில் உரிமையாளர் தடங்காட்டி பொருத்தியிருப்பதாகக் கொள்வோம். அக்கருவி செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிகிறது; அறிந்ததைச் செல்பேசி வலையமைப்பு வழியே உரிமையாளருக்கு அனுப்புகிறது. ஜி.பி.எஸ். தடுப்பான் முதல் வேலையை மட்டுமே கெடுக்கும். ஓட்டுநர் பழநியைத் தாண்டியதும் அதை இயக்கினால், எஞ்சின் ஓடுகிறது, இடம் தெரியவில்லை என்ற செய்தி நேரக்குறிப்புடன் சென்றுகொண்டே இருக்கும். சில தடங்காட்டிகள் அருகிலுள்ள செல்பேசிக் கோபுரத்தைக் கொண்டு தோராயமான இடத்தையும் தெரிவிக்கும். ஆக, மறைக்க முயன்ற நேரமே பதிவேட்டில் தனித்துத் தெரியும். எனினும் தகரக் கொட்டகையின் கீழ் வண்டி நின்றாலும், ஆன்டெனா பழுதானாலும் இதே இடைவெளி தோன்றும் என்பதால், பதிவிலுள்ள வெற்றிடத்தை மட்டும் வைத்து ஓட்டுநர்மீது குற்றம் சாட்டுவது பொருந்தாது.

பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125எச் விதி பொருந்தும். 2016 நவம்பரில் சேர்க்கப்பட்ட இவ்விதி தடங்காட்டியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கியது. இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்கள் விலக்குப் பெற்றன. 2019 சனவரி 1 முதல் பதிவாகும் வாகனங்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. தடுப்பானுடன் ஒரு லாரி இத்தகைய பேருந்தை ஒட்டிச் செல்லும் நேரத்தில் பயணியொருவர் அப்பொத்தானை அழுத்தினால், கடைசியாக அறியப்பட்ட இடமே கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரக்கூடும். லாரி ஓட்டுநருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை.

வானூர்திகளுக்கு நேரும் இடையூறு

அமெரிக்காவின் நூவர்க் வானூர்தி நிலையத்தில், தரையிறங்க உதவும் ஜி.பி.எஸ். சார்ந்த அமைப்பு அவ்வப்போது தடுமாறியது. 2012 ஆகத்தில் அதிகாரிகள் ஒரு நிறுவன வாகனத்தில் தடுப்பானைக் கண்டுபிடித்தனர். முதலாளி தன்னைப் பின்தொடராமலிருக்கவே அதன் ஓட்டுநர் அதை வைத்திருந்தார். 2013இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் அவருக்கு 31,875 டாலர் அபராதம் அறிவித்தது.

இந்தியாவில் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில், 465 ஜி.பி.எஸ். இடையூறுகள் பதிவானதாக அரசு மக்களவையில் தெரிவித்தது. இவை எல்லைப் பகுதியைச் சார்ந்தவை. லாரி ஓட்டுநரின் தடுப்பானோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது.

சட்டநிலை

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பதைத் தடை செய்திருந்தது. 2022 சூலை 1 அன்று தொலைத்தொடர்புத் துறை, ஜி.பி.எஸ். தடுப்பான் உள்ளிட்ட ஜாமர்களைத் தனியார் நிறுவனங்களும் தனிநபர்களும் வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்றும், அவற்றை விளம்பரப்படுத்துவதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் சட்டத்துக்குப் புறம்பானவை என்றும் அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 48ஆம் பிரிவில், தொலைத்தொடர்பைத் தடுக்கும் கருவிகளை மத்திய அரசின் அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அப்பிரிவு 2024 சூலை 5 முதல் நடைமுறையில் உள்ளது.

ஓட்டுநரின் அந்தரங்கம்

தடுப்பானை நாடுவோரின் மனக்குறை பொய்யானதன்று. வேலை முடிந்த பின்னரும் கண்காணிக்கப்படுவதை எவரும் விரும்பார். 2017 ஆகத்து 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. 2024 சூலை 8 அன்று, பிணையில் சென்றவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் காவல்துறைக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அது நீக்கியது. ஆனால் அது அரசின் கண்காணிப்பைப் பற்றியது. முதலாளியைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலைவாய்ப்பு நோக்கத்துக்கும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதலின்றியே தரவைக் கையாள 7ஆம் பிரிவில் இடமளிக்கிறது.