செஞ்சிச் சுண்ணாம்பில் எத்தனை அணு?

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்துக் கல்யாண மகாலை அண்ணாந்து பார்ப்பார்கள். அடுக்கடுக்காக எழும் மாடங்களையும் உச்சியில் குவிந்து நிற்கும் கூம்புக் கூரையையும் படம் எடுப்பார்கள். அவற்றைப் பிடித்து நிறுத்தும் சுண்ணாம்பை யாரும் பார்ப்பதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த இந்தக் கோட்டையில் கருங்கல்லுக்குக் கிடைக்கும் மரியாதை காரைக்குக் கிடைப்பதில்லை. வேதியியல் படிக்கிறவருக்கோ கருங்கல்லைவிடச் சுண்ணாம்புதான் நல்ல வாத்தியார்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் வேகவைத்தால் கரியமில வாயு பிரிந்து போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறிப்போகும். அதோடு மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுக் குழைப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய பக்குவம். பூசிய பிறகு காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஆக, மணலை விட்டுப் பார்த்தால் சுவரில் இறுகிக் கிடப்பது பெரும்பாலும் காளவாய்க்குள் போன அதே பொருள்தான்: கால்சியம் கார்பனேட், CaCO₃.

இதில் 100 கிராம் எடுத்தால் எத்தனை அணு இருக்கும்?

அணுவை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எடை போடலாம், எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போகலாம். இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. செஞ்சி நெல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். கோட்டைக்குள்ளும் பெரிய களஞ்சியங்கள் உண்டு. அங்கே நெல்லை யாரும் மணி மணியாக எண்ணியிருக்க மாட்டார்கள், அளந்துதான் கொட்டியிருப்பார்கள். ஆனால் அந்த அளவைக்கு அடியிலும் ஓர் எண்ணிக்கை இருந்தது. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு படி என்று பழைய கணக்கதிகார வாய்ப்பாடு போகிறது. பெருக்கினால் ஒரு படிக்கு 14,400 நெல். எட்டுப் படி கொண்ட மரக்காலுக்கு 1,15,200.

மோல் என்பதும் இப்படி ஓர் அளவைதான். ஒரு மோலுக்குள் இருக்கும் துகள்கள் 6.022 × 10²³. நம் வழக்கில் சொன்னால் 602 கோடி கோடி கோடி. இதற்கு அவகாட்ரோ எண் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அவகாட்ரோவுக்கு இந்த எண் தெரியாது. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று 1811இல் அந்த இத்தாலியர் சொன்னதோடு சரி. 1909இல் அவர் பெயரை இந்த எண்ணுக்குச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பெரன். 2019 மே 20 முதல் இது அளந்து காணும் எண்ணாகவும் இல்லை, 6.02214076 × 10²³ என்று துல்லியமாக வரையறுத்துவிட்டார்கள்.

இப்போது கணக்கு. கால்சியத்தின் அணு நிறை 40, கார்பனுக்கு 12, ஆக்சிஜனுக்கு 16. CaCO₃ என்றால் 40 + 12 + (3 × 16) = 100. ஆகவே 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஒரு மோல். அதில் CaCO₃ என்னும் கூட்டுகள் 6.022 × 10²³. ஒவ்வொரு கூட்டிலும் கால்சியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று என ஐந்து அணுக்கள். எனவே மொத்த அணுக்கள் 5 × 6.022 × 10²³ = 3.011 × 10²⁴. ஆக்சிஜன் மட்டும் கேட்டால் ஐந்துக்குப் பதில் மூன்றால் பெருக்க வேண்டும்: 1.807 × 10²⁴. கால் மோல், அதாவது 25 கிராம் என்றால் எல்லாவற்றையும் நான்கால் வகுத்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் வழுக்குவது பெருக்கலில் அல்ல. ‘ஒரு மோல்’ என்றதும் 6.022 × 10²³ என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். எதன் மோல் என்று கேட்பதே இல்லை. ஒரு மோல் சேர்மம் வேறு, அதிலுள்ள அணுக்களின் மோல் வேறு. அடைப்புக்குறி இன்னொரு கண்ணி. நீற்றிய சுண்ணாம்பு Ca(OH)₂. வெளியே நிற்கும் 2 உள்ளே இருக்கும் இரண்டு தனிமங்களுக்கும் சேரும். கால்சியம் 1, ஆக்சிஜன் 2, ஹைட்ரஜன் 2, இங்கேயும் ஐந்து.

எடையைக் கீழே வைத்துவிட்டு அணுக்களின் மோலை மட்டும் தொடர்ந்து பாருங்கள். காளவாய்க்குள் 100 கிராம் போகிறது, 5 மோல் அணு. சுட்ட சுண்ணாம்பாக (CaO) வெளிவருவது 56 கிராம், 2 மோல் அணு. புகையோடு போன 44 கிராம் கரியமில வாயுவில் 3 மோல். 18 கிராம் தண்ணீர் தன் 3 மோல் அணுவோடு சேர்ந்ததும் 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, மறுபடி 5 மோல். சுவரில் அது 3 மோல் அணுவைக் கரியமில வாயுவாக வாங்கி, 3 மோல் அணுவைத் தண்ணீராக விட்டுவிடுகிறது. கடைசியில் அதே 100 கிராம், அதே 5 மோல். இடையில் ஓர் அணுவும் பிறக்கவில்லை, சாகவில்லை. எந்தக் கணக்குப்பிள்ளையும் இவ்வளவு சுத்தமாகக் கணக்கு முடித்திருக்க முடியாது. கோட்டைக் காரையில் மணலும் வேறு பலவும் கலந்திருப்பதால் இந்த எண்களை அப்படியே அதன்மேல் போட முடியாது. தூய சேர்மத்துக்கே இவை பொருந்தும்.

கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கும் உண்டு. மராட்டிய மன்னர் ராஜாராமை உள்ளே வைத்து முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட இடம் இது. வெடிமருந்தின் பெரும்பங்கு வெடியுப்பு, KNO₃. ஒரு மோல் 101 கிராம். சுண்ணாம்புக் கல்லைப் போலவே இதிலும் ஐந்து அணு, அவற்றில் மூன்று ஆக்சிஜன். கரியும் கந்தகமும் வெளிக்காற்று இல்லாமலே பீரங்கிக்குள் எரிவது அந்த மூன்றின் தயவால்தான்.

செஞ்சிக்குப் போனால் இந்தக் கணக்குக்காகச் சுவரைச் சுரண்டிவிடாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட சின்னம். 202 கிராம் வெடியுப்பில் ஆக்சிஜன் அணுக்கள் எத்தனை என்று தாளில் போட்டுப் பாருங்கள். 1.204 × 10²⁴ வந்தால் மூன்றால் பெருக்க மறந்துவிட்டீர்கள். சரியான விடை 3.613 × 10²⁴.