கல்லணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவர்களிடம் நாங்கள் கொடுத்தனுப்பும் தாளில் மருந்துப் பட்டியல் இருக்கும், உணவுக் குறிப்பு இருக்கும், மறுபரிசோதனைக்கு வரவேண்டிய தேதியும் இருக்கும். பேரனைத் தூக்கலாமா, உறவினர் வீட்டுத் திருமணத்திற்குப் போகலாமா, பேருந்தில் தஞ்சாவூர் சென்று வரலாமா என்பவையெல்லாம் அதில் இடம்பெறுவதில்லை. மூன்று மாதம் கழித்து வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவரிடம், “வெளியே போய் வருகிறீர்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் அவர் பதில் சொல்வதில்லை. உடன் வந்த மனைவியோ மகனோ, “நாங்கள் எங்கேயும் விடுவதில்லை, டாக்டர்” என்று சற்றுப் பெருமையோடு சொல்வார்கள்.

அந்த அன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் விளைவை அன்றாடம் பார்க்கிறோம். வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குக் கால் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அது இதயத்தின் பலவீனம் என்று அவர் எண்ணிக்கொண்டு இன்னும் குறைவாக நடக்கிறார். எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகச் சுருங்கி விரிவது தெரியும். மனிதர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு உண்டாகிறது. மனச்சோர்வுள்ளவர் மருந்தைத் தவறவிடுகிறார், புகையிலையை மறுபடியும் தொடுகிறார். இதற்கெல்லாம் மாத்திரை மட்டும் போதாது என்பதால்தான் திருச்சியில் எங்கள் மருத்துவமனையைச் சார்ந்து இதய நோயாளர் நண்பர் குழு ஒன்று இயங்கிவருகிறது. மாதந்தோறும் ஒரு ஞாயிறு இயன்முறை மருத்துவக் கூடத்தில் கூடுவார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கேனும் வெளியே செல்வார்கள்.

“இது சுற்றுலாவா, சிகிச்சையா?” என்று ஓர் உறுப்பினரின் மகள் எங்களிடம் கேட்டார். கல்லணைப் பயணத்தை விவரித்தால் அவருக்குப் பதில் கிடைக்கும்.

கல்லணை திருச்சியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். தரை சமமானது, பூங்காவில் நிழலும் உட்கார இடமும் உண்டு, அவசரமென்றால் விரைவில் நகரத்துக்குத் திரும்பிவிடலாம். எங்கள் கணக்கில் ஓர் இடம் தேறுவதற்கு இவையே முதல் தகுதிகள், அழகு அடுத்துத்தான். மேட்டூர் அணை திறந்து காவிரியில் தண்ணீர் வந்துவிட்ட பருவமாதலால் அன்று அழகுக்கும் குறைவில்லை. உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அணையின் மேல் நடந்துகொண்டே கரிகாலனைப் பற்றித் தொடங்கினார். ஆற்று மணலில் கல்லை அடுக்கி அணை நின்ற விதம், அதைக் கண்டு வியந்த ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் மேலணை எழுப்பிய வரலாறு என்று இருபது நிமிடம் பேசினார். மற்றவர்கள் வரலாற்றைக் கேட்டார்கள். நாங்கள் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நடையில் சரியான வேகம் எது என்பதற்குக் கருவி தேவையில்லை. நடந்தபடியே பேச முடியவேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது, பேச்சு இடையிடையே அறுந்தால் வேகம் அதிகம். ஆசிரியரின் பேச்சு ஓரிடத்திலும் அறவில்லை. இதை அவர் மனைவியிடம் சொன்னபோது, “வீட்டில் இவரை மாடி ஏறவே விடவில்லையே!” என்றார். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது நாங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லும் அறிவுரைதான். அந்த அம்மாவுக்கு அது அன்றுதான் கண்ணால் கண்ட செய்தியாயிற்று.

இக்குழுவினால் எங்களுக்குக் கிடைத்த பெரிய இலாபம், உண்மை. வெளிநோயாளர் பிரிவில் எல்லாரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களே. கல்லணை மரத்தடியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இதயச் செயலிழப்புக்கு மருந்து எடுக்கும் ஒருவர் தம் கதையைச் சொன்னார். கும்பகோணத்தில் நடந்த உறவினர் திருமணத்துக்குப் பேருந்தில் போகவேண்டியிருந்தது. வழியில் கழிப்பிடத்துக்கு என்ன செய்வது என்று பயந்து, நீர் பிரியும் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டார். விருந்தில் அப்பளமும் ஊறுகாயும் மோர்மிளகாயும் சேர்ந்துகொண்டன. மூன்றாம் நாள் கால்கள் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேரவேண்டியதாயிற்று. “வேறு யாராவது இப்படி நிறுத்தியதுண்டா?” என்று நாங்கள் கேட்டோம். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் கை உயர்த்தினார்கள்.

அவர்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. நம் ஊர்ச் சாலைகளில் தூய்மையான கழிப்பிடம் கிடைப்பது, குறிப்பாகப் பெண்களுக்கு, எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர் எவரும் கடிந்துகொள்ளமாட்டார். இதற்கு வழி உண்டு. பயண நாளில் அந்த மாத்திரையை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்; பலருக்கு நேரத்தை மாற்றிக்கொள்ள இயலும். நிறுத்திவிடுவது மட்டும் கூடாது. மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால் கால் வீங்கும்வரை காத்திராமல் எங்களை அழையுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களின் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைக்கு இந்த நேர மாற்றச் சலுகைகூடக் கிடையாது. அதை ஊரில் மறந்துவிட்டு வருவது ஆபத்து. இப்போது எங்கள் பயணங்களில் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, முன்பே பார்த்துவைத்த இடத்தில் நிற்கிறது.

மரத்தடியில் வேறு கேள்விகளும் வந்தன. இல்லற உறவை மீண்டும் எப்போது தொடங்கலாம் என்று எங்கள் அறையில் கேட்கக் கூசுகிறவர்கள், ஆண்கள் மட்டும் தனியே அமர்ந்திருந்த நேரத்தில் சுற்றிவளைத்துக் கேட்டார்கள். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிகிறவருக்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் அதற்கென்று கடையில் தாமாக வாங்கும் சில்டெனாஃபில் வகை மாத்திரைகளையும், நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையையும் ஒருசேர எடுத்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். இதைக் கேட்டபோது ஒருவர் முகம் மாறியதை நாங்கள் கவனித்தோம். மறுநாள் அவர் தனியே வந்து பார்த்தார்.

உறுப்பினர்கள் விரும்பும் இடமெல்லாம் எங்களுக்கு உகப்பதில்லை. கொல்லிமலைக்குப் போகவேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போகும் மலை அது. அங்கே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்துசேர எத்தனை நேரம் ஆகும் என்பதே எங்கள் கவலை. போதாக்குறைக்கு ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்கும்போது எவரும் வீரர்தான். திரும்ப ஏறவேண்டும் என்பது கீழே போன பிறகுதான் நினைவுக்கு வரும். சிகிச்சை முடிந்து ஓராண்டாகி, டிரெட்மில் பரிசோதனையில் தேறிய சிலர் குடும்பத்தோடு போய் வந்தார்கள். அருவிக்கு இறங்காமல் மேலிருந்தபடியே திரும்பினார்கள். குழுவாகப் போவதற்கு நாங்கள் இன்னும் இசையவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இசைந்தோம், ஒரு நிபந்தனையோடு. எங்கள் உறுப்பினர்களில் பலர் நீரிழிவு உள்ளவர்கள். கால்களில் உணர்ச்சி குறைந்தவர்களும் உண்டு. வெயில் ஏறிய பின் அந்தப் பரந்த முற்றத்தின் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தால், சுடுவதே தெரியாமல் பாதம் கொப்பளித்துவிடும். ஆகவே மார்கழிக் காலையில், பருத்திக் காலுறையுடன் சென்று, பத்து மணிக்கு முன் வெளியே வந்துவிட்டோம். 1010-ஆம் ஆண்டில் இராசராசன் முடித்த விமானத்தை அண்ணாந்து பார்த்தபோது, இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் இருவருக்குச் சற்றே தலை சுற்றியது. நிழலில் அமர்ந்து தண்ணீர் குடித்ததும் தெளிந்தார்கள்.

ஒரு குறையை இங்கே எழுதியாகவேண்டும். முதலாண்டுப் பயணங்களில் பெண்கள் நிறையவே வந்தார்கள், ஆனால் மனைவியராக. நோயாளியாக வந்த பெண்கள் மிகச் சிலர். பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று இதற்குப் பொருளல்ல. மூச்சிரைப்பு, முதுகுவலி, அசதி என்று அறிகுறிகள் வேறு உருவில் வரும்போது அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை, வீட்டாரும் பொருட்படுத்துவதில்லை. சிகிச்சை முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சமையலை யார் செய்வது என்ற கேள்வி அவர்களை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. முடக்குக் காய்ச்சலால் வால்வு பழுதுபட்டு, உலோக வால்வு பொருத்திக்கொண்ட இளம்பெண்களும் இவர்களில் உண்டு. அவர்களுக்காக வாரநாள் பிற்பகலில் தனிக் கூட்டம் தொடங்கினோம். முதல் பயணம் ஸ்ரீரங்கத்தை அடுத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு. அன்று கணவன்மார் சிலர் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். உப்பு சரியாகவே குறைந்திருந்தது, ருசியும் சற்றுக் குறைந்திருந்தது. “வேறொருவர் கட்டிக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுப் பல வருஷமாயிற்று” என்றார் ஓர் அம்மா.

சென்ற ஆண்டு உறுப்பினர் ஒருவர் உறக்கத்தில் காலமானார். அடுத்த பயணத்தை நிறுத்திவிடலாமா என்று பேச்சு எழுந்தது. உறுப்பினர்கள் ஒன்றுகூடி அவர் வீட்டுக்குச் சென்றார்கள். அவருடைய மனைவி பயணத்தை நிறுத்தவேண்டாம் என்று சொன்னதோடு, தாமும் வருவதாகச் சொன்னார். வந்தார். அன்றுதான் உடனிருப்போர் அனைவருக்கும் பொம்மையை வைத்து மார்பழுத்தப் பயிற்சி அளித்தோம். நெஞ்சின் நடுவில் கைகளை வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். இரண்டு நிமிடத்தில் பலருக்கும் கை ஓய்ந்துவிட்டது. ஆகவே ஒருவர் மாற்றி ஒருவர் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அந்த அம்மாவும் செய்து பார்த்தார்.

வரும் பயணம் முக்கொம்புக்கு. காலை ஏழு மணிக்கு மருத்துவமனை வாயிலிலிருந்து பேருந்து புறப்படும். அன்றைய மாத்திரைகளையும், மருந்துச் சீட்டின் நகலையும், நாவின் அடியில் வைக்கும் மாத்திரையையும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருங்கள். பெட்டிக்குள் வைத்தால் உதவாது. நெஞ்சுவலி வந்தால் நின்றுகொண்டிராமல் உட்கார்ந்து ஒரு மாத்திரையை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழைப்போம். பெயர் கொடுக்க விரும்புவோர் இதயவியல் வெளிநோயாளர் பிரிவில் செவிலியர் மேசையிலுள்ள பதிவேட்டில் எழுதலாம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். உங்கள் மருத்துவர் சரியென்றால், துணையில்லாமலும் வரலாம்.