சுழியம் எந்தக் கருவிக்கு?

சென்ற விடுமுறையில் ஊரிலிருந்து ஒரு பழைய ஒலிநாடாவைக் கொண்டு வந்தேன். மறைந்துபோன என் பாட்டியின் குரல் அதில் இருக்கிறது. நாடா நைந்து போகுமுன் கணிப்பொறியில் ஏற்றிவிட எண்ணி, யு.எஸ்.பி. ஒலிக்கருவி ஒன்றின் வழியாக என் மடிக்கணிப்பொறியுடன் இணைத்தேன். ஒரு பக்கம் செம்மையாகப் பதிவாயிற்று. இடையே விடுதியில் மின்சாரம் நின்றது. (என் கணிப்பொறியின் பேட்டரி செத்து ஓராண்டாகிறது.) மின்சாரம் வந்ததும் மறுபக்கத்தை ஓடவிட்டு உணவுக்கூடம் சென்றேன். திரும்பி வந்து கேட்டால், முப்பது நிமிடமும் மின்விசிறியின் இரைச்சல்!

குற்றம் என்னுடையதே. லினக்ஸில் ஒலிக்கருவிகளை ஆளும் பகுதிக்கு ஆல்சா என்று பெயர். 2003ஆம் ஆண்டு இறுதியில் வெளியான 2.6 கெர்னலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. கருவிகளுக்கு அது 0, 1, 2 என எண்ணிடுகிறது. தகுதி பார்த்தா? அன்று, இயக்கி நிரல்கள் வந்து பதிந்துகொள்ளும் வரிசையைப் பார்த்து. கணிப்பொறி விழிக்கும்போது அந்நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, முண்டியடித்துக்கொண்டு வருகின்றன. உள்ளமைந்த ஒலிக்கருவியின் இயக்கி தன் சில்லை ஆராய்ந்து முடிக்கச் சற்றே தாமதித்தால், யு.எஸ்.பி. முந்திக்கொண்டு சுழியத்தைப் பிடித்துவிடும். ரயிலின் பொதுப்பெட்டியில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நாம் அறியோமா? வேறு கட்டளை இல்லாதபோது சுழிய எண் பெற்றதே இயல்பான கருவி.

நானோ, "1ஆம் கருவியிலிருந்து பதிவு செய்" என்று நிரலிடம் சொல்லியிருந்தேன். மின்தடைக்கு முன் 1 என்பது யு.எஸ்.பி.; பின்னர் அது கணிப்பொறியின் சொந்த மைக்!

யு.எஸ்.பி. இயக்கிக்குரிய அமைவு வரியில் இன்டெக்ஸ் மதிப்பை -2 என எழுதுவது ஒரு வழி. 'சுழியம் தவிர எவ்விடமாயினும் சரி' என்பது அதன் பொருள். ஏன் -2 என்பதை இரும எண் பயின்றவர்கள் தாளில் எழுதிப் பார்க்கலாம். கடைசி இலக்கம் மட்டுமே 0. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. ஒவ்வொரு கருவிக்கும் எண்ணோடு பெயரும் உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் எண் மாறினும் கவலையில்லை. ஒரே வகையான இரண்டு யு.எஸ்.பி. கருவிகளைச் செருகினால் மட்டும் பெயரிலும் குழப்பம் நேரும். பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்ற மேலடுக்குகள் பெயரைக் கொண்டே கருவியை அடையாளம் காண்கின்றன. ஆயினும் எண்ணைச் சொல்லி ஆல்சாவை நேரே அழைக்கும் நிரலை அவை காப்பாற்ற மாட்டா.

பெயரைக் குறித்து மறுபக்கத்தை மீண்டும் ஓட்டினேன். நாடா ஓரிடத்தில் சிக்கிச் சுருண்டது. பென்சிலைச் செருகிச் சுற்றிச் சரிசெய்தேன். நாலைந்து சொற்கள் போயின, மற்றவை கிடைத்துவிட்டன.