சொப்பனம் கண்டவர் சொல்ல வேண்டியது

காலங்கடந்து வருகிறவர்கள்

நித்திரையில் கூச்சலிட்டுக் கைகால்களை வீசி, அருகில் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிட்டு, விழித்தபின் "திருடனைத் துரத்தினேன், பாய்ந்து வந்த நாயை உதைத்தேன்" என்று சொல்லும் ஐம்பது, அறுபது வயது கடந்த ஆடவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். அவர்களுள் பலர் சோதிடரிடம் பலன் கேட்டு, பரிகாரம் செய்து, தாயத்தும் கட்டி, கடைசியில் கட்டிலிலிருந்து விழுந்து எலும்பை முறித்துக்கொண்ட பின்னரே வைத்தியரை நாடுகிறார்கள். வந்ததும் கேட்பது, "இந்தக் கனவுக்கு என்ன அர்த்தம், டாக்டர்?" என்பதே. கனவில் வந்தது நாயா, திருடனா என்பது எனக்கு வேண்டியதில்லை. கனவு காண்கையில் சரீரம் அசைந்தது என்பதே நான் அறிய வேண்டிய சேதி.

கனவு மிகுந்த உறக்க நிலையில் கண்கள் மட்டும் இமைக்குள் விரைந்து அசைய, கைகால் தசைகளை மூளை கட்டிப்போட்டுவிடுகிறது. அக்கட்டுத் தளர்ந்தவர் கனவை நடித்துக் காட்டுகிறார். 1986இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் முதலிய வைத்தியர்கள் இதைத் தனி நோயாக வர்ணித்தார்கள். இந்நோயாளிகளுள் பலருக்குப் பல வருஷங்கள் கழித்துப் பார்க்கின்சன் என்னும் நடுக்கவாதமோ, அதையொத்த மூளைத் தேய்வோ தோன்றுவது பின்னாளில் தெளிவாயிற்று. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளாலும் இப்படிக் கனவை நடிக்கும் நிலை வரக்கூடும். தேவையாயின் ஓரிரவு உறக்கப் பரிசோதனை செய்வோம்.

பலிக்கும் என்ற பயம்

கனவுக்குப் பலன் காணும் மரபு நம்மிடையே தொன்மையானது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் உரைக்க, அந்தக் காதையே அதனால் பெயர் பெற்றது. காவியத்தில் அதற்குரிய அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் பல் விழக் கண்டால் வீட்டில் சாவு, கல்யாணம் கண்டால் துக்கம் என்று அஞ்சி, உண்ணாமலும் உறங்காமலும் உடலைக் கெடுத்துக்கொள்வோரைப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை.

விடியற்காலைச் சொப்பனம் பலிக்கும் என்பார்கள். கனவுறக்கம் ஏறத்தாழ 90 நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அதன் நடுவிலேயே விழித்துக்கொள்வதால் அது நினைவில் நிற்கிறது. சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இவ்வுறக்க நிலையைப் பற்றி 1953இல் வெளியிட்ட பிறகு இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கேடானது, கெட்ட சொப்பனத்தை வெளியே சொன்னால் பலித்துவிடும் என்னும் நம்பிக்கை. விபத்திலோ வன்முறையிலோ அகப்பட்டு மீண்டவர்கள், அதே காட்சியை இரவுதோறும் கண்டு நடுங்கியும், இந்த நம்பிக்கையால் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை உண்டு: பகலில், விழித்திருக்கையில், அக்கனவின் முடிவைத் தாமே மாற்றி அமைத்து, மனத்தில் பலமுறை ஓட்டிப் பார்க்கும் பயிற்சி பலருக்கு நிவாரணம் அளித்திருக்கிறது. வாய் திறந்தாலன்றி அதை எப்படித் தொடங்குவது?

இனி, அமுக்குவான் பேய். மூளை விழித்தும் தசைக்கட்டு அவிழாத சிறிது நேரத்தில், மார்பின்மேல் யாரோ அமர்ந்திருப்பதாகத் தோன்றும். பேச நா எழாது. உறக்கம் குறைந்தவர்களுக்கும், இரவுப் பணியால் நித்திரை வேளை மாறியவர்களுக்கும், மல்லாந்து படுப்போருக்கும் இது மிகுதி. உயிருக்கு அபாயமில்லை, தானே விலகும். இதற்கென்று தலையணைக்கடியில் கத்தி வைப்பதுதான் அபாயம். உறக்கத்தில் கை வீசுகிறவர் படுக்கையில் கத்தி இருந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்!

மருந்துக்கடை மாத்திரை

கனவு வராதிருக்க அயலாருக்கு எழுதிய தூக்க மாத்திரையை வாங்கி விழுங்குவோர்க்கு எத்தனை தடவை சொல்வது? குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்க்கு அது சுவாசத்தை மேலும் தடுக்கலாம். மதுவோ முன்னிரவில் கனவுறக்கத்தை அடக்கிப் பின்னிரவில் பொங்கச் செய்யும். நெடுநாள் பழகியவர் திடீரென நிறுத்தினால் பயங்கரக் கனவுகள் பெருகும். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகளும் துர்ச்சொப்பனம் தருவதுண்டு. அவற்றையும் தாமே நிறுத்திவிடாமல் எங்களிடம் வந்து கேளுங்கள்.

ஒரு விண்ணப்பம்

உங்களை மன்றாடிக் கேட்கிறேன்: உறக்கத்தில் கை ஓங்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், கட்டிலருகே கண்ணாடியும் கூரிய பொருளும் வையாதீர்கள், தரையில் மெத்தை விரியுங்கள், பரிகாரம் முடியட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே அழைத்து வாருங்கள். வரும்போது அவரோடு உறங்குபவரும் தவறாமல் வர வேண்டும். இரவில் நடந்ததைக் கண்டவர் அவர் ஒருவரே.