நீர் புகும் மெய்ப்பை

இலக்கணங் கற்பிப்போனிடத்தில் கடலில் மூழ்குதற்குரிய உடையைப் பற்றி அறிவுரை கேட்பார் உளரோ? ஒருவர் கேட்டார். யானும் சிறிதுந் தயங்காது கூறினேன். கூறியது பிழை. அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தலைமன்னார் எனது ஊர். கீழைத்தேயக் கல்லூரியின் விடுமுறைக்கு அங்கு வந்திருந்தேன். சோளகக் காற்று ஓய்ந்து, மன்னார்க் குடாப் பக்கத்துக் கடல் அடங்கத் தொடங்கிய காலம். முன்னொருகால் என்னிடம் நன்னூல் கேட்ட மாணவரொருவர் வீட்டு முற்றத்திலே வந்து நின்றார். அனுமதிப்பத்திரம் பெற்றுக் கடலட்டைத் தொழிலுக்குப் புதிதாகச் சுழியோடப் போகின்றவர். காற்றடைத்த சிலிண்டரை முதுகிற் சுமந்து மூழ்கும் முறையை அண்மையிலேதான் பயின்றிருந்தார். அவர் கையில் இரண்டு கறுத்த உடைகள் இருந்தன. ஒன்று 5 மில்லிமீற்றர் தடிப்புடையது, பிறர் அணிந்து கழித்தது, அவருக்குச் சற்றே பெரியது, விலையோ குறைவு. மற்றது 3 மில்லிமீற்றர் தடிப்பினது, உடலை இறுகப் பற்றுவது, விலை கூடியது. இரண்டையும் பார்வைக்கென்று வாங்கி வந்திருந்தார்.

“ஐயா, இதில எதை எடுக்கிறது?” என்றார்.

யான் அவ்வுடைக்கு ஒரு பெயரிட்டுக்கொண்டு அப்பெயரிலிருந்தே விடை தேடினேன். ‘இது நீர்புகா உடை. நீரை விலக்குவதே இதன் தொழில். தடித்தது நீரை நன்கு விலக்கும். தளர்ந்தது மூச்சுக்கு இடங்கொடுக்கும். ஆதலின் தடித்ததும் பெரியதுமே நன்று’ என்றேன். ஆசிரியர் வாக்கென்று அவரும் அதனையே எடுத்துச் சென்றார்.

மூன்றாம் நாள் அவருடைய மைத்துனர் அவரைத் தோளிற் சார்த்தி அழைத்து வந்தார். 12 மீற்றர் ஆழத்தில் நாற்பது நிமிடம் நின்றவருக்கு உடல் நடுங்கி, அட்டைப் பையின் முடிச்சை அவிழ்க்கவும் விரல்கள் மறுத்துவிட்டன. வழக்கத்தினும் முந்திச் சிலிண்டரிற் காற்றுங் குறைந்தது. தடித்த உடை மேலே மிதந்தபடியால் இடுப்பிற் கூடுதலாக ஈயம் கட்டியிருந்தார்; அடியிலே அவ்வீயம் அவரைக் கீழே இழுத்தது. பெரிதும் முயன்றே மேலே வந்தார். தீங்கொன்றும் நேர்ந்திலது. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. வெயில் கொளுத்தும் மன்னாரிலே கடல் மனிதனைக் குளிரால் நடுக்குமோ?

நம் முன்னோர் உடையின்றியன்றோ முத்துக் குளித்தனர் என எண்ணினேன். கொற்கை முத்தை மதுரைக்காஞ்சி பேசும். நம் கரையிலோ, அரிப்பிலே ஆளுநர் பிரெடரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் முத்துக்குளிப்பின் பெருமைக்குச் சான்று. அக்குளியாளர் அரையிற் கட்டிய சிறு துணியன்றி வேறு உடை அறியார். எனினும் அவர்தம் தொழின் முறையை ஆராய்ந்தபோது ஐயம் நீங்கிற்று. கல்லைப் பற்றி மூழ்கியவர் நீரினுள் நின்றது ஏறத்தாழ ஒரு நிமிடமே. கல்லொன்றுக்கு இருவர், ஒருவர் மூழ்க, மற்றவர் இளைப்பாறுவர். வெயிலே அவர்களுக்கு உடையாயிற்று. இன்றைய சுழியோடியோ ஒரே மூழ்கலில் அரைமணி, முக்கால்மணி என நீரினுள்ளேயே தங்குகின்றார். ஒருநாளிற் பன்முறையும் இறங்குகின்றார். மூச்சு நீண்டது, அதனோடு குளிருக்கும் காலம் நீண்டது.

நீர் நம் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கவரும். நம் கடல் பெரும்பாலும் 26 முதல் 30 பாகை செல்சியசு. நம் உடலோ 37 பாகை. கையை நனைப்பவனுக்கு இவ்வேற்றுமை இன்பமாகத் தோன்றும். நெடுநேரம் மூழ்கியிருப்பவனுக்கோ அது சிறிது சிறிதாகச் செலுத்தும் கடனாகும்.

இக்கடனைக் குறைக்க வழி கண்டவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் இயூ பிராட்னர். 1951 ஆம் ஆண்டளவில் அவர் கண்ட உண்மை எளியது: வெப்பமாயிருத்தற்கு உடல் உலர்ந்திருக்க வேண்டுவதில்லை. நியோபிறீன் என்னும் செயற்கை இறப்பரை நுரையாக்கி உடை செய்தால், அந்நுரையில் அடைபட்ட வாயுக் குமிழ்களே வெப்பத்தைக் காக்கும். உள்ளே புகுந்த நீர் மெல்லிய படலமாய் உடலோடு ஒட்டி நின்று விரைவில் வெதுவெதுப்பாகும். அஃது அவ்விடத்தே நிலைபெற்று நின்றாற் போதும். தளர்ந்த உடையிலோ அசையுந்தோறும் வெதுவெதுப்பான நீர் வெளியேறும். புதிய நீர் புகும். உடல் ஓயாது கடலைச் சூடாக்கிக்கொண்டேயிருக்கும். என் மாணவருக்கு நேர்ந்தது இதுவே. அவ்வுடை நீர்புகா உடையன்று. நீர் புகும் உடை. யான் இட்ட பெயரே என்னை ஏமாற்றிற்று.

ஆகவே புதியவர் முதலில் நோக்கவேண்டுவது தடிப்பன்று, பொருத்தம். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூன்று வாயில்களும் உடலைப் பற்றியிருத்தல் வேண்டும். நடுமுதுகின் பள்ளத்திலும் அக்குளிலும் வெற்றிடம் இருத்தலாகாது. அங்கேதான் நீர் குளங்கட்டும். கரையில் அணியும்போது சற்றே இறுக்கமாகத் தோன்றுவதே நன்று; நீரில் அது சிறிது நெகிழும். ஆயினும் இறுக்கத்துக்கும் எல்லையுண்டு. கைகளை மேலே தூக்கிப் பார்க்க; குந்தியிருந்து பார்க்க; நெஞ்சு நிறைய மூச்சிழுத்துப் பார்க்க. மூச்சுத் தடைப்படினும், கழுத்து நெரிந்து தலை சுற்றினும் அவ்வுடை ஆகாது.

அடுத்தது தடிப்பு. நம் கடலுக்குக் கையும் காலும் மூடும் 3 மில்லிமீற்றர் உடை பெரும்பாலும் போதும். சொறிமீன் தீண்டாமலும் பார்க்கல் கீறாமலும் காப்பதும் அம்முழுவுடையே. தடிப்புக் கூடின் மிதப்புங் கூடும். அதனை வெல்ல ஈயங் கூட்டவேண்டும். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிக்கும். உடையிலுள்ள வாயு ஏறக்குறையப் பாதி இடத்துள் அடங்கும். உடை மெலியும், மிதப்புக் குன்றும், வெப்பங் காக்கும் வலியுங் குறையும். கட்டிய ஈயம் மட்டும் குறையாது. மேலே துணையாக நின்ற தடிப்பு அடியிலே கைவிடுதல் இதனால் என்க.

மூன்றாவது, பழைய உடையை வாங்குவோர் அதனைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க. உடனே எழும்பினால் உயிருண்டு. குழி நின்றால் குமிழ்கள் உடைந்தன. அத்தகையது எத்துணைத் தடிப்பாயினும் வெறுந் தோலே. தையல்களை இழுத்து வெளிச்சம் தெரிகின்றதா எனவும் நோக்குக. வாங்கிய பின் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக. வெயிலும் எண்ணெயும் நியோபிறீனுக்குப் பகை.

இவ்வளவு கூறியபின் கூறாது விடத்தகாதது ஒன்றுண்டு. முற்காலத்து முத்துக்குளிப்பிலே சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் வல்லோர் எனக் கடற்கட்டிகள் இருந்தனர். அவர் கரையில் நின்றாலன்றிக் குளியாளர் இறங்கார். அம்மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளியாளரின் அச்சத்தைக் கட்டிற்று. நல்லுடையும் அதுபோல மிகுந்த துணிவைத் தந்துவிடக்கூடும். ஆழத்திலே குருதியிற் கரைந்த நைதரசன், விரைந்து மேலேறினாற் குமிழாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும். நடக்கும் ஆற்றலையே பறிக்கவும் வல்லது. எவ்வுடையும் அதனைத் தடாது. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாது ஏறுதலும், 5 மீற்றரளவில் மூன்று நிமிடம் தங்குதலும், ஒரே நாளிற் பலகால் மூழ்காமையுமே காப்பு. ஆயினும் உடைக்கும் இதிற் சிறு பங்குண்டு. குளிரால் நடுங்குபவன் அந்த மூன்று நிமிடம் பொறான். மேலே வரத் துடிப்பான். மேலேறும்போது உடல் குளிர்ந்திருப்பின் நைதரசன் வெளியேறுதலும் தடைப்படும். ஆதலின் பொருத்தமான உடை சொகுசன்று, பொறுமைக்குத் துணை.

பெயரால் வந்த பிழையைப் பெயராலே தீர்க்க எண்ணினேன். முல்லைப்பாட்டிலே பாசறை காக்கும் யவனர் மெய்ப்பை அணிந்து தோன்றுவர். உரைகாரர் அதனைச் சட்டை என்பர். மெய்யைத் தன்னுள்ளே கொள்ளும் பை. நீரை விலக்குவதென்றோ விடுவதென்றோ அச்சொல் கூறவில்லை. மெய்யோடு பொருந்துவதென்ற ஒன்றையே கூறுகின்றது. தேர்வுக்கு வேண்டிய இலக்கணமும் அந்த ஒன்றே.

மறுவாரம் மாணவர் பெரியதைத் திருப்பிக் கொடுத்து, எஞ்சிய பணத்தைத் தவணையிற் கட்டுவதாக ஒப்பி, இறுகிய மெய்ப்பையை வாங்கினார். யானும் ஒரு தவணைக்குப் பொறுப்பேற்றேன். பிழையான விடைக்கு ஆசிரியனும் தண்டம் கட்டவேண்டுமன்றோ? அவர் கடலுக்குச் சென்று மீண்ட அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வேலியோர வேம்பின் நிழலில் அவ்வுடை நன்னீர் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

“குளிர்ந்ததா தம்பி?” என்றேன்.

“நனைஞ்சுதான் இருந்தன் ஐயா, ஆனா குளிரேல்லை” என்றார்.

யான் மூன்று நாள் ஆராய்ந்து கண்டதை அவர் ஒரு வரியிற் கூறிவிட்டார்.