வெயிலைச் சேமிக்கும் கல்

மோசெல் ஆறு பிரான்சின் வோஜ் மலையில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையை ஒட்டி ஓடி, ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 545 கி.மீ. இதன் ஜெர்மானியக் கரைகளில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து வரும் ஒயின், உலகின் மிக மென்மையான, மிகப் புளிப்பான, அதே சமயம் மிக நீண்ட நாள் கெடாமல் இருக்கும் வெள்ளை ஒயின்களில் ஒன்று. வரைபடத்தைப் பார்த்தால் இது வியப்பான செய்திதான். இந்தப் பள்ளத்தாக்கு வடக்கு அட்சரேகை 50 பாகையை ஒட்டிக் கிடக்கிறது. ஒயின் திராட்சை நம்பிக்கையோடு பயிரிடப்படும் வட்டாரங்களின் வட எல்லை நெடுங்காலமாக அந்தக் கோடுதான்.

கொடி துளிர்க்க நாளின் சராசரி வெப்பம் 10 பாகை செல்சியசைத் தொட வேண்டும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான வளர்பருவத்தின் சராசரி 13 முதல் 15 பாகைக்குள் இருந்தால் அதைக் குளிர் வட்டாரம் என்று ஒயின் இயல் வகைப்படுத்துகிறது. 20ஆம் நூற்றாண்டின் மோசெல் அந்த வகையைச் சேர்ந்தது. அங்கே சமதரையில் நட்ட ரீஸ்லிங் பல ஆண்டுகள் பழுக்காமலே போகும். பழுக்க வைப்பது சரிவு.

கணக்கு எளிது. அக்டோபர் நடுவில், பழம் கடைசியாக இனிப்பேறும் நாட்களில், நண்பகலில்கூட அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 32 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்தச் சாய்ந்த வெயில் சமதரையில் பரந்து விழுவதால், நேராக விழும் வெயிலின் வலுவில் பாதியளவே ஒவ்வொரு சதுர அடிக்கும் கிடைக்கிறது. தெற்கு நோக்கி 45 பாகை சாய்ந்த மலைச்சரிவிலோ அதே வெயில் ஏறக்குறைய நேராக வந்து விழுகிறது. பிரெம் என்ற ஊரின் கால்மோன்ட் தோட்டம் 65 பாகை வரை செங்குத்தானது. ஏணிப்படி வைத்து ஏறவேண்டிய இடங்களும் அதில் உண்டு.

ஆறு நேராக ஓடியிருந்தால் இத்தனை தெற்குச் சரிவுகள் கிடைத்திரா. ட்ரியரிலிருந்து கோப்லென்ஸுக்கு நேர்கோட்டில் சுமார் 100 கி.மீ.; மோசெல் பாம்பு போல வளைந்து ஏறத்தாழ அதைப்போல் இருமடங்கு தூரம் ஓடுகிறது. ஒவ்வொரு வளைவும் ஒரு கரையைச் சூரியனுக்கு நேரே திருப்பி வைக்கிறது. அதனால் பல வளைவுகளில் ஒரு கரை முழுக்கத் திராட்சை, எதிர்க்கரையில் காடு என்று தெளிவாகப் பிரிந்து கிடக்கும். ஹுன்ஸ்ரூக், ஐஃபெல் என்ற இரு மேட்டுநிலங்கள் இருபுறமும் நின்று குளிர்காற்றைத் தடுக்கின்றன. ஆற்று நீர் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்ல விடுகிறது. தாழ்ந்த வெயிலைச் சரிவின் மேல் திருப்பியும் எறிகிறது.

எந்த இடத்தில் வெயில் அதிகம் என்பதை அங்குள்ளவர்கள் கருவி இல்லாமலே கண்டுகொண்டார்கள். வேலென், செல்டிங்கன் ஊர்களில் தோட்டத்து வேலையாட்கள் நேரம் அறியப் பாறைமுகத்தில் சூரியக் கடிகாரங்கள் அமைக்கப்பட்டன. வேலென் கடிகாரம் 1842ஆம் ஆண்டினது. நாள் முழுக்க நிழல் விழாத இடத்தில்தானே சூரியக் கடிகாரம் பயன்படும்! அந்த இடங்களே மிகச் சிறந்த திராட்சை விளையும் இடங்களாகவும் இருந்தன. இன்றும் ஒயின் புட்டியின் சீட்டில் ‘சோனன்உஹர்’, அதாவது சூரியக் கடிகாரம், என்ற தோட்டப் பெயருக்குத் தனி மதிப்பு.

வெயில் விழுந்தால் மட்டும் போதாது, அது தங்கவும் வேண்டும். அந்த வேலையைச் செய்வது கல். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய சிலேட்டின் கல்தான் இந்தச் சரிவுகள் முழுவதும் பரவிக் கிடக்கிறது. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, இறுகி, மலை எழும்பியபோது நசுங்கி, ஏடு ஏடாகப் பிரியும் பாறையானது. பெர்ன்காஸ்டல் பக்கம் நீலச் சாம்பல் நிறம். ஊர்ட்சிக் ஊரில் எரிமலைப் பாறையும் கலந்த செந்நிறம். கறுத்த கல் பகலில் சூடேறி, மாலைக்குப் பின் அதைக் கொடியின் அடியில் கசியவிடுகிறது. அக்டோபர் இரவுகளில் பழுப்பதற்கு உதவும் அந்தச் சில பாகை வெப்பத்துக்காகவே தோட்டக்காரர்கள் தரையைக் கல்லால் மூடி வைக்கிறார்கள். மழை அரித்துக் கீழே தள்ளிய கற்களைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே கொண்டு கொட்டுவது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை.

நீர் விஷயத்தில் சிலேட்டு கண்டிப்பானது. மழை ஏடுகளின் இடுக்கு வழியே சட்டென்று இறங்கிவிடும்; வேர் ஈரத்தில் ஊறி நிற்காது. அதே இடுக்குகளில் வேரும் பல மீட்டர் ஆழம் இறங்கி, கோடையிலும் அடியில் தங்கியிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. மட்கு குறைந்த, வளம் குன்றிய மண் என்பதால் கொடி கொழுத்து இலையாகத் தள்ளுவதில்லை. இன்னொரு நன்மை எதிர்பாராமல் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலோக்செரா என்ற வேர்ப்பேன், இந்தக் கல் மண்ணில் எளிதில் பரவவில்லை. மற்ற வட்டாரங்கள் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித் தப்பிக்க, மோசெல் கரையில் தன் சொந்த வேரில் நிற்கும் நூறு வயதுக் கொடிகள் இன்னும் உண்டு.

இந்த நிலத்துக்கு ரீஸ்லிங் பொருந்துவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. ரோமர் காலத்திலிருந்தே இங்கே ஒயின் உண்டு. பீஸ்போர்ட் ஊரில் ரோமரின் பெரிய திராட்சை ஆலை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ரீஸ்லிங்கின் ஆட்சி பிந்தியது. 1787இல் ட்ரியரின் பேராயரும் ஆட்சியாளருமான கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல கொடிகளை நடச் சொல்லி ஆணையிட்டார். அதற்குப் பிறகே ரீஸ்லிங் பெருகியது. அதன் கட்டை கடுங்குளிரைத் தாங்கும். துளிர் தாமதமாக வருவதால் வசந்த உறைபனியிலிருந்து பெரும்பாலும் தப்பும். பழுப்பதும் தாமதம்தான், ஆனால் அந்தத் தாமதம் குறையாகாமல் சுவையாக மாறுகிறது.

திராட்சையின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக், புளியம்பழத்தின் புளிப்பும் இதுவே. மற்றது ஆப்பிளில் உள்ள மாலிக். டார்டாரிக் அமிலம் பழம் முதிரும்போதும் அவ்வளவாக அழிவதில்லை. மாலிக் அமிலத்தைப் பழம் தன் மூச்சுக்கே எரித்துவிடும். வெப்பம் கூடினால் எரிவதும் கூடும். வெப்ப நாடுகளில் சர்க்கரை ஏறுவதற்குள் புளிப்பு கரைந்துவிடுவது இதனால்தான். மோசெலின் குளிர்ந்த இரவுகளில் அது மிஞ்சுகிறது. சர்க்கரை மெதுவாக ஏற ஏற, மணப்பொருள்கள் சேர நேரம் கிடைக்கிறது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச் என்று சுவைஞர்கள் சொல்லும் மணங்கள் அந்த நீண்ட இலையுதிர்காலத்தின் பேறு.

சர்க்கரை குறைவென்றால் ஆல்கஹாலும் குறைவு, ஏனெனில் ஈஸ்ட் சர்க்கரையைத்தான் ஆல்கஹாலாக மாற்றுகிறது. வெப்ப வட்டார ஒயினில் 14 சதவீதம் இருக்கும்போது, மரபான மோசெல் ஒயினில் 8 அல்லது 9 சதவீதம்தான். புளிப்பு தூக்கலாக இருப்பதால் கொஞ்சம் சர்க்கரையை நொதிக்கவிடாமல் நிறுத்தி வைப்பது வழக்கமானது. ரசத்தில் புளியை அடக்கச் சிட்டிகை வெல்லம் போடுகிற கைப்பக்குவம் போன்றதே இதுவும். முற்காலத்தில் நிலவறைக் குளிரே நொதித்தலை இடையில் நிறுத்தியது. வசந்தத்தில் அது மறுபடி தொடங்கிவிடுவதும் உண்டு. ஈஸ்ட்டையே அகற்றும் நுண்வடிகட்டிகள் 20ஆம் நூற்றாண்டில் வந்த பிறகுதான் இனிப்பு நிலைத்தது.

பழுப்பதே போராட்டமான நாட்டில், பழுத்த அளவே தரத்தின் அளவானது. ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே என்பவர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய அளவுமானி, ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் நீரைவிட எத்தனை கிராம் கனம் என்று காட்டும். 1971ஆம் ஆண்டின் ஜெர்மானிய ஒயின் சட்டம் இந்த எண்ணை வைத்தே கபினெட், ஷ்பெட்லேஸ, அவுஸ்லேஸ என்று படிநிலை வகுத்தது. மோசெல் ரீஸ்லிங் கபினெட்டுக்கு 70 போதும். உச்சப் படியான ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸவுக்கு 150 வேண்டும். அந்த எண்ணை எட்ட, ஆற்று மூடுபனியில் வளரும் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தின் தோலைத் துளைத்து நீரை வற்றச் செய்ய வேண்டும். வேறு பயிரில் நோயாக வரும் பூஞ்சை இங்கே வரமாகிறது. ஐஸ்வைன் இன்னும் விந்தை: பழம் கொடியிலேயே உறைய, குறைந்தது மைனஸ் 7 பாகைக் குளிரில் பறித்து உறைந்தபடியே பிழிவார்கள், நீர் பனிக்கட்டியாக நின்றுவிட, செறிந்த சாறு மட்டும் சொட்டும்.

சிலேட்டின் சுவை ஒயினில் தெரிகிறது என்று விற்பவரும் குடிப்பவரும் சொல்வது வழக்கம். ஈரக்கல் வாசனை, தீக்கல் வாசனை என்றெல்லாம் வர்ணனைகள் உண்டு. மண்ணியல் அறிஞர் அலெக்ஸ் மால்ட்மன் போன்றோர் இதை ஏற்பதில்லை. வேர் பாறையை உறிஞ்சுவதில்லை. நீரில் கரைந்த தாது அயனிகளை மிகச் சிறிய அளவில் எடுத்துக்கொள்கிறது. அவை ஒயினில் நாக்குக்கு எட்டும் அளவில் இருப்பதில்லை. பாறைக்கோ தனி மணமே இல்லை. முதல் மழையில் எழும் மண்வாசனைகூட மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளும் செடிகளின் எண்ணெய்ப் பொருள்களும் தருவதுதான். முதிர்ந்த ரீஸ்லிங்கில் வரும் மண்ணெண்ணெய் போன்ற வாடையின் கதையும் வேடிக்கையானது: பெயரில் மண் இருந்தாலும் மண்ணுக்கு அதில் நேரான பங்கில்லை. வெயில் பட்ட பழத்தோலின் நிறமிகள் சிதைந்து, புட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது உருவாகும் டி.டி.என். என்ற சேர்மம் அது. ஆக, கல் ஒயினை மாற்றுவது உண்மை. சூட்டின் வழியாகவும் நீரின் வழியாகவும் மாற்றுகிறது. தன் சுவையைக் கரைத்துக் கொடுப்பதில்லை.

கல் மாறினால் பயிரே மாறுவதை மோசெலிலேயே பார்க்கலாம். ட்ரியருக்கு மேலே, லக்சம்பர்க் எல்லையோரம் சிலேட்டு முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்குகிறது, பள்ளத்தாக்கும் அகன்றுவிடுகிறது. அங்கே ரீஸ்லிங் அரிது. எல்பிளிங் என்ற பழைய, எளிய, புளிப்பான வகையும் பர்கண்டி வகைகளும் நிற்கின்றன. சார் என்ற துணையாற்றுப் பள்ளத்தாக்கில் சிலேட்டு உண்டு, ஆனால் காற்றுக்குத் திறந்த இடம், குளிர் அதிகம். அதன் ஒயின் மோசெலைவிட மெலிந்தது, கூர்மையானது. பத்து ஆண்டுகளில் சிலவே அங்கே நன்றாகப் பழுக்கும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

அந்த நிலை கடந்த 40 ஆண்டுகளில் தலைகீழானது. 1988 முதல் பழுக்காத ஆண்டு என்பதே அரிதாகிவிட்டது. இனிப்பு மிஞ்சாத உலர் ஒயின் செய்வது எளிதாயிற்று. குளிர்ந்த சார் பள்ளத்தாக்கின் மதிப்பு ஏறியது. 2019 ஜூலை வெப்ப அலையில் சரிவுகளில் பழம் வெந்து கருகியது. ஒரு காலத்தில் தேடிய சூடு இப்போது சில தோட்டங்களில் மிகையாகி, இலைகளைக் கிள்ளாமல் விட்டு நிழல் தர வேண்டியிருக்கிறது. சூடான வசந்தத்தில் கொடி முன்கூட்டியே துளிர்ப்பதால் உறைபனியின் ஆபத்தும் கூடியது. 2024 ஏப்ரலில் சார், ரூவர் என்ற துணையாற்றுப் பகுதிகளில் இளந்துளிர்கள் கருகி விளைச்சல் பெரிதும் குறைந்தது. 2019ஆம் ஆண்டு அறுவடைக்குப் பின் வந்த குளிர்காலத்திலோ ஐஸ்வைனுக்கான மைனஸ் 7 பாகைக் குளிர் வேண்டிய நேரத்தில் வரவில்லை. அந்த ஆண்டு ஜெர்மனியில் ஐஸ்வைன் அறுவடை எங்கும் கைகூடவில்லை என்று 2020 மார்ச்சில் ஜெர்மானிய ஒயின் நிறுவனம் அறிவித்தது. அப்படி ஓர் ஆண்டு அதற்கு முன் இருந்ததில்லை.