சொல்லெண்ணிக்கையும் காரண விளக்கமும்

ஒரு பெருநூலிற் பயிலும் சொற்களை எண்ணி, மிகுதியாக வருவது முதலாக வரிசைப்படுத்தின் ஓர் ஒழுங்கு புலப்படும். முதற்சொல் 1,000 முறை வருமாயின், பத்தாஞ்சொல் ஏறத்தாழ 100 முறையும், நூறாஞ்சொல் ஏறத்தாழ 10 முறையும் வரும். பல மொழிகளிலும் காணப்படும் இவ்வொழுங்கு, இதனை விரிவாக ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஜிப்ஃப் பெயரால் வழங்குகின்றது.

இதற்குக் காரணம் யாது? சொல்வோன் சில சொற்களாலேயே பல பொருளை உணர்த்த விரும்புகின்றான். கேட்போன் பொருள்தோறும் தனிச்சொல்லை வேண்டுகின்றான். இவ்விரு விருப்பங்களும் இணங்குமிடத்தே இவ்வொழுங்கு பிறக்கின்றது என்பது 1949இல் ஜிப்ஃப் கூறிய விளக்கம். முன்னர் மிகுதியாக வந்த சொல்லே பின்னரும் மிகுதியாக வரும் என்று கொண்டு, 1955இல் ஹெர்பர்ட் சைமன் அதே ஒழுங்கினைக் கணித்துக் காட்டினார். எழுத்துக்களையும் இடைவெளியையும் பொருளின்றித் தட்டினும் ஏறத்தாழ இவ்வொழுங்கே தோன்றும் என்று 1957இல் ஜார்ஜ் மில்லர் நிறுவினார்.

விளைவு ஒன்று, விளக்கமோ மூன்று. எண்ணிக்கையோடு பொருந்துதல் ஒன்றே ஒரு விளக்கத்தை மெய்யாக்காது என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றுட் சிறந்ததைப் புள்ளியியல் தேர்ந்து தாராதோ எனின், ஓரளவே தரும். ஜப்பானிய அறிஞர் அகாய்கே 1970களில் வகுத்த அளவுகோல், பொருத்தத்தையும் எளிமையையும் ஒருங்கே சீர்தூக்குவது. 1978இல் சுவார்ஸ் வகுத்தது எளிமைக்கு மேலும் மதிப்பளிப்பது. ஆதலின் இரண்டும் எப்போதும் ஒன்றனையே தேரும் என்பதற்கில்லை. அன்றியும், நாம் முன்வைத்த விளக்கங்களையே அவை ஒப்பிடும்; எவரும் இதுகாறும் எண்ணாத விளக்கம் அப்போட்டியில் இடம்பெறுவதேயில்லை.

ஆயின் இம்முயற்சி வீணோ? அன்று. எழுத்தெல்லாம் ஒத்த வாய்ப்புடையன எனக் கொள்ளும் மில்லரின் கணக்குப்படி, ஒத்த நீளமுடைய சொற்கள் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே வருதல் வேண்டும். தமிழில் ‘ஒரு’, ‘எரு’ என்பன நீளத்தால் ஒப்பன. வழக்கிலோ முன்னது எங்கும் பயில்வது, பின்னது அரிதாக வருவது. வரிசை ஒழுங்கு காட்டாத வேறுபாட்டை இப்புதிய சான்று காட்டிவிடுகின்றது.

எனவே, எஞ்சி நிற்கும் விளக்கத்தை முடிந்த முடிபு என்னாது, இதுவரை விலக்கப்படாதது என்றே நாம் கொள்ளுதல் தகும். எண்ணிக்கை, பொருந்தாதவற்றைக் களையும்; புதிய விளக்கத்தை எண்ணிக் காண்பது ஆராய்வோர் கடன்.